கிராமத்துப் போதகருக்கு மாத ஆதரவு: சபையும் சோர்ந்துவிடாமல், அவரும் தலைகுனியாமல் இருக்க எப்படிக் கொடுப்பது?

கேள்வி கேட்டவர்: அமராவதிக்கரை

அனைவருக்கும் என் ஸ்தோத்திரம்.

என் சொந்த ஊர் தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் இடையில் உள்ள ஒரு சிறு கிராமம். கோவையில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஊரில் எங்கள் சபை எந்தத் திருமண்டலத்தையும் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) சேராத தனிச்சபை. முப்பத்தைந்து குடும்பங்கள் இருக்கின்றன. பெரும்பாலோர் கொப்பரைக் களத்தில் கூலிக்குப் போகிறவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், நூறு நாள் வேலையை நம்பியிருப்பவர்கள். இளையவர்கள் விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூருக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். எங்கள் போதகர் பதினொரு ஆண்டுகளாக அங்கேயே குடியிருந்து ஊழியம் செய்கிறார். சம்பளம் என்று எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் விழுவதுதான் அவருக்கும், அவர் மனைவிக்கும், இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த வாரத்துச் செலவு.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது மூப்பர் காணிக்கை நோட்டை என்னிடம் காட்டினார். தீபாவளி போனஸ் கொடுத்த வாரத்தில் 3,100 ரூபாய் என்று எழுதியிருந்தது. அடுத்த வாரம் 640. மழை பிடித்துக்கொண்டு களம் காயாமல் கிடந்த கார்த்திகை வாரம் ஒன்றில் 285 ரூபாய். அந்த 285 ரூபாய் வாரத்தில்தான் அவர் மகனுக்குக் கல்லூரித் தேர்வுக் கட்டணம் கட்டவேண்டி வந்திருக்கிறது. அவர் யாரிடமும் வாய்திறக்கவில்லை. மொபெட்டை அடகு வைத்துப் பணத்தைக் கட்டிவிட்டு, பக்கத்து ஊர்களில் இருக்கும் நோயாளிகள் வீட்டுக்கு ஒரு மாதம் நடந்தே போய் வந்திருக்கிறார். இதை அவர் சொல்லி நான் அறியவில்லை. அடகுக்கடை வாசலில் வண்டியைப் பார்த்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஊரைவிட்டு வெளியே வந்து பிழைக்கும் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மாதம் 6,000 ரூபாய் அனுப்புவது என்று பேசியிருக்கிறோம். ஆனால் இரண்டு தயக்கங்கள் இருக்கின்றன. நாங்கள் அனுப்புகிறோம் என்று தெரிந்தால், இப்போது பத்தும் இருபதும் போடுகிற சபையார் கையை இழுத்துக்கொள்வார்களோ என்பது ஒன்று. இன்னொன்றை மூப்பர்தான் சொன்னார்: “காசு குடுக்கறவங்க பேச்சுத்தானுங்க நாளைக்குப் பிரசங்கமா வரும்.” அவர் சொன்னதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. எங்கள் நால்வரில் ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். அவர் அங்கிருந்து அனுப்புவதில் சட்டச் சிக்கல் உண்டா என்பதையும் அறிய விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: பெருந்துறைப் பொருளாளர்

ஐயா, நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளிலும் நாங்கள் அடிபட்டுத்தான் தெளிந்தோம். எங்கள் சபையும் நாற்பது குடும்பத்துக்கு மேல் இல்லாத சபைதான். ஆரம்பத்தில் வசதியுள்ள ஒருவர் மாதந்தோறும் உறையில் பணம் வைத்துப் போதகர் கையில் கொடுத்துவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் தம் உறவினர் வீட்டு வழக்கில் போதகர் தம் பக்கம் பேசவில்லை என்றதும், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் உறையை நிறுத்திவிட்டார். அடுத்த மாத வாடகைக்குப் போதகர் நின்ற நிலையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் புத்தி வந்தது. பணம் கொடுத்தவரின் முகம் வாங்குகிறவருக்குத் தெரிகிற வரைக்கும் இந்த ஆபத்து இருக்கத்தான் செய்யும்.

இப்போது வெளியூரில் இருப்பவர்களும் உள்ளூர்க்காரர்களுமாகச் சேர்ந்து கொடுக்கிற பணம் சபையின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. மாதம் பிறந்து 5-ஆம் தேதி, குறித்த தொகையை நான் போதகரின் மனைவியும் அவரும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது எனக்கும் இரண்டு மூப்பர்களுக்கும் மட்டுமே தெரியும். ஒரு மாதம் வரவு குறைந்தால் கையிருப்பிலிருந்து ஈடுகட்டுகிறோம். மூன்று மாதத் தொகையை எப்போதும் கணக்கில் வைத்திருக்கவேண்டும் என்று தொடக்கத்திலேயே தீர்மானம் போட்டோம்.

தொகையை முடிவுசெய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் பிசகுகிற இடம் இதுதான். “ஐயாயிரம் கொடுத்தால் போதாதா?” என்று வாயால் பேசிக்கொண்டிராமல், போதகர் வீட்டுச் செலவை ஒரு தாளில் எழுதச்சொன்னோம். வாடகை, பால், மளிகை, காஸ், கரண்ட், பள்ளிக்கூட வேன், மாத்திரை, பெட்ரோல். இதெல்லாம் நாங்களும் எதிர்பார்த்தவை. நாங்கள் நினைத்தும் பார்க்காதது மொய். சபையில் ஒரு கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபுகுதல் என்று எது நடந்தாலும் ஜெபிக்கப் போகிறவர் அவர். வெறுங்கையோடு போய்ச் சாப்பிட்டு வர அவருக்கு மனம் வராது. நம் பக்கத்தில் முகூர்த்த மாதங்களில் ஒரு வீட்டுக்கு எத்தனை பத்திரிகை வரும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அடுத்தது, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறவர்கள் பஸ்ஸுக்குக் காசில்லாமல் போதகர் வீட்டில்தான் ஏறி இறங்குகிறார்கள். மாதம் ஐந்தாறு பேராவது வந்துவிடுகிறார்கள். அவர் ஏழையாகவே இருந்தாலும், அந்த ஊரில் ஏழைகள் கேட்கக் கூச்சப்படாத வீடு அவருடையது ஒன்றுதான். இதற்கென்று தனியாக 1,000 ரூபாய் சேர்த்து வைத்தோம். அது சம்பளத்தில் சேராது.

சபையார் கையை இழுத்துக்கொள்வார்களா என்றால், சும்மா விட்டால் இழுத்துக்கொள்வார்கள். அதனால் வெளியிலிருந்து பணம் வருவதற்கு முன்பே உள்ளூர்ப் பங்கைப் பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் கால் பங்கில் தொடங்கினோம்; ஏழு ஆண்டுகளில் அது பாதியைத் தாண்டியிருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மாதச் சந்தா என்று கேட்டால் நம் மக்களால் கொடுக்க இயலாது. பனியன் கம்பெனியிலும் தறியிலும் சனிக்கிழமைதான் சம்பளம், ஆகவே வாரக் கவர்தான் சரிவரும். மஞ்சள் போட்டிருக்கிற குடும்பங்களுக்கு வாரக் கவரும் ஒத்துவராது. தைக்கும் பங்குனிக்கும் இடையில் அறுத்து, வேகவைத்து, மண்டிக்குப் போன பிறகு ஒரே தடவையாகக் கொடுப்பார்கள். அவரவருக்குக் காசு வருகிற நாளைப் பார்த்துக் கேட்டால் எங்கள் அனுபவத்தில் யாரும் இல்லையென்று சொன்னதில்லை.

பதில்: குமாரபாளையம் தறிக்காரர்

நான் போதகர், வாரத்தில் ஐந்து இரவு விசைத்தறியும் ஓட்டுகிறேன். பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தார் என்று அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரத்தைக் காட்டி, ஊழியக்காரனுக்கு எதற்குச் சம்பளம் என்று கேட்பவர்கள் இங்கேயும் வருவார்கள் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். கைத்தொழிலில் எனக்கு வெட்கம் இல்லை; தறிச் சத்தத்துக்கு நடுவே என்னோடு நிற்கிறவர்கள்தான் என் சபையில் பாதிப் பேர். ஆனால் சாவு, ஷிப்ட் பார்த்து வருவதில்லை. சென்ற ஆண்டு ஒரு தாய் இறந்த இரவு, தறியில் ஏற்றிய பாவு நூல் முடியாமல் தறியை விட்டு வர முடியவில்லை. விடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டுப் பிள்ளைகள் தாங்களாகவே பாட்டுப் பாடி முடித்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று முதல் இரண்டு குடும்பங்கள் மாதம் 2,500 ரூபாய் கொடுக்கிறார்கள். ஆறு இரவாக இருந்தது ஐந்தாகக் குறைந்திருக்கிறது. உங்கள் போதகருக்கு முழுச் சம்பளம் கொடுக்க இயலாவிட்டாலும் தயங்காதீர்கள். ஒரு நாளை விலைக்கு வாங்கிச் சபைக்குக் கொடுத்தாலும் அது பெரிய உதவி.

பதில்: போதகரின் மகள்

பர்கூர் மலையடிவாரத்தில், அந்தியூருக்கு மேற்கே ஒரு சபையில் என் அப்பா இருபத்தெட்டு ஆண்டுகள் ஊழியம் செய்தார். கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் சபையில் பிடியரிசி வழக்கம் இருந்தது. சோறு வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு டப்பாவில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார்கள். எல்லாம் ரேஷன் அரிசிதான். பத்து வீட்டு அரிசி ஒரே பையில் கலந்து வரும்; பச்சரிசியும் புழுங்கலும் பழசும் புதுசும் சேர்ந்திருக்கும். உலை வைத்தால் ஒரு பாதி குழைந்துபோகும், மறுபாதி விதையாகவே நிற்கும். அதனால் அம்மா அதைச் சோறாக்கமாட்டார். கல் பொறுக்கி, ஊறவைத்து, மாவாட்டிவிடுவார். எங்கள் வீட்டில் வாரம் நான்கு நாள் இட்லிதான். அந்த அரிசி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும் என்பதால், இன்றுவரை அதைக் குறைவாக நினைத்ததில்லை.

வலித்தது வறுமையைவிட, வருகிற மாதம் என்ன வரும் என்பது தெரியாமல் இருந்ததுதான். நகரத்துச் சபை ஒன்றிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வருவார்கள். எங்களை வரிசையாக நிற்கவைத்துத் துணி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு வருடம் என் வகுப்புத் தோழியின் பழைய பாவாடையே அந்த மூட்டையில் இருந்தது. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனாலும், அமராவதிக்கரை அண்ணா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்: கொடுத்ததற்கு அத்தாட்சியாகப் பிள்ளைகளின் படத்தைக் கேட்காதீர்கள். ரசீது கேளுங்கள், கணக்குக் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓய்வுநாள் பள்ளி நடத்தியது அவர், பிரசவத்துக்குக் கூடப்போனது அவர், சாகக்கிடக்கிறவர்கள் அருகில் இரவு முழுதும் உட்கார்ந்திருந்தது அவர். தையல் தெரியும், ஆனால் “ஊழியக்காரர் சம்சாரம் கூலிக்குத் தைக்கலாமா?” என்று பேசியே நிறுத்திவிட்டார்கள். சம்பாதிக்கவும் விடவில்லை, கொடுக்கவும் இல்லை. கூரை மாற்ற அம்மா பெயரில் எடுத்த குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட, அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தார். பெருந்துறை ஐயா சொன்னபடி இருவர் பெயரிலும் கணக்கு வையுங்கள்.

கடைசியாக ஒன்று. அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயதில் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. பேச்சு இல்லாத போதகரை வைத்துச் சபையும்தான் என்ன செய்யும்? குடியிருந்த வீடு சபையின் வீடு என்பதால், புதிய போதகருக்காக இரண்டு மாதத்தில் காலிசெய்தோம். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு எங்களிடம் இருந்தது பாத்திரமும் புத்தகங்களும்தான். 6,000 ரூபாயில் ஆயிரத்தையாவது அவருடைய முதுமைக்கு என்று கைவைக்காமல் ஒதுக்கிவையுங்கள்.

பதில்: ஈரோட்டுக் கணக்காளர்

சட்டப் பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் நண்பர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அவர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவராக இருந்தாலோ, அங்குள்ள சபையில் காணிக்கை திரட்டி அனுப்பினாலோ நிலைமை வேறு. அப்போது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் உங்கள் சபை ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. நட்புக்காக இதில் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். 2020 செப்டம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவுபெற்ற ஒரு நிறுவனம் தனக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுக்கவும் முடியாது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெரிய நிறுவனம் வாங்கிச் சிறு சபைகளுக்குப் பிரித்துக்கொடுத்த பழைய வழி அதோடு அடைபட்டது. நான் கணக்குப் பார்க்கும் இரண்டு ஊழியங்களில் கிராமத்துப் போதகர்களின் மாத உதவி நின்றது இதனால்தான். உள்நாட்டுப் பணத்தை நம்பி நீங்கள் தொடங்குவது சரியான முடிவு.

பணத்தைப் போதகரின் சொந்தக் கணக்குக்கு நேராக அனுப்பவேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் அன்பளிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கொள்ளப்படும். உங்கள் 6,000 ரூபாய் ஆண்டுக்கு 72,000 ஆகிறது. வரி கட்டும் அளவுக்கு அவர் வருமானம் வராது என்றாலும், பின்னால் யாராவது கேட்டால் விளக்கம் சொல்லத் தாள் வேண்டும். சபையை அறக்கட்டளையாகவோ, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ச் சங்கமாகவோ பதிந்து, பான் எண் வாங்கி, இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய கணக்கைத் திறந்து, அங்கிருந்து மாத ஊதியமாகக் கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட மதத்தவரின் நன்மைக்கான அறக்கட்டளைக்குப் பொதுவாக 80ஜி வரிச்சலுகை கிடைக்காது. அதை எதிர்பார்த்துக் கொடுக்காதீர்கள்.

போதகரின் மகள் எழுதியதைப் படித்துவிட்டு இதையும் சேர்க்கிறேன். போதகருக்கு ஐம்பது வயது ஆகவில்லை என்றால், மத்திய அரசின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. அதே அரசின் சுரக்ஷா விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான். விபத்து மரணத்துக்கு 2 லட்சம். இரண்டுக்கும் வங்கியிலேயே கையெழுத்துப் போடலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வாங்கிவிடுங்கள். தேவாலயங்களில் பணிபுரியும் உபதேசியார்களுக்கும் பணியாளர்களுக்கும் தமிழக அரசு நல வாரியம் அமைத்திருக்கிறது. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் விசாரித்துப் பதியச் சொல்லுங்கள். இத்தனையையும் முடித்துவிடலாம். ஆனால் போதகரோடு யாராவது ஒருவர் கூடப்போகவேண்டும். தமக்காக ஓர் அலுவலகப் படியேற அவர்களில் பலருக்கு மனம் வருவதில்லை.

பதில்: ஓய்வுபெற்ற ஆயர்

தென்னிந்தியத் திருச்சபையின் கோவைத் திருமண்டலத்தில் ஊழியம் செய்து ஓய்வுபெற்றவன் நான். எனக்கு ஒருநாளும் சம்பளம் தவறியதில்லை என்பதை நன்றியோடும், மேலே எழுதியிருப்பதைப் படித்த பாரத்தோடும் சொல்கிறேன். எங்களிடம் ஒவ்வொரு குருசேகரமும் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) தன் பங்கைப் பொது நிதிக்குக் கட்டுகிறது. நகரத்துப் பெரிய ஆலயத்தில் இருப்பவருக்கும் மலைக் கிராமத்தில் இருப்பவருக்கும் சம்பளம் அங்கிருந்தே வருகிறது. அதுவும் ஒரு நாளில் அமைந்ததன்று. 1830-இல் லண்டன் மிஷன் கோயம்புத்தூரில் வேலை தொடங்கிய பிறகு வெகுகாலம் உபதேசியாரின் சம்பளத்தில் பெரும்பகுதி கடல் கடந்து வந்த பணம். சுதேசச் சபை தன் போதகரைத் தானே தாங்கவேண்டும் என்று இங்கிலாந்தின் சர்ச் மிஷன் சங்கச் செயலராக இருந்த ஹென்றி வென் போன்றவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வற்புறுத்தினார்கள். 1912-இல் தோர்ணக்கல் (இன்றைய தெலங்கானாவில் உள்ள ஊர்) அத்தியட்சரான, அதாவது பேராயரான, வேதநாயகம் சாமுவேல் அசரியா, மிக ஏழைகளான கிராமத்து விசுவாசிகளிடமே அந்தப் பழக்கத்தை வளர்த்தார். ஏழைக்குக் கொடுக்கத் தெரியாது என்று நினைப்பது அவனை அவமதிப்பதாகும் என்பதை நான் என் ஊழியத்தில் பலமுறை கண்டிருக்கிறேன்.

உங்கள் இரண்டு தயக்கங்களும் வேதத்திலேயே இருக்கின்றன. கொரிந்துவில் ஊழியம் செய்தபோது பவுல் அந்த ஊராருக்குப் பாரமாக இராமல் மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரரின் உதவியைப் பெற்றார். இரண்டு கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில் அதை அவரே எழுதுகிறார். ஆகவே தூரத்துச் சபை ஒன்று, இன்னோர் ஊரின் ஊழியத்தைத் தாங்குவது புதிதன்று. அதே நிருபத்தின் 8, 9 அதிகாரங்களில், எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்தியர் தாங்களும் கொடுக்கவேண்டும் என்று விடாமல் கேட்கிறார். வெளியிலிருந்து வந்த உதவியைக் காரணமாகக் காட்டி அந்தச் சபையைக் கொடுக்கும் பாக்கியத்திலிருந்து அவர் விலக்கிவிடவில்லை. அந்தப் பணத்தைத் தாம் தனியாகச் சுமக்காமல், சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களோடு கொண்டுபோவதற்கும் ஏற்பாடு செய்கிறார். ஈரோட்டுக் கணக்காளர் சொல்லும் இரட்டைக் கையெழுத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது.

தனிச்சபைகளுக்கு ஒரு யோசனை. உங்கள் தாலுகாவில் உள்ள ஏழெட்டுத் தனிச்சபைகள் சேர்ந்து, மாதம் சபைக்கு ஒரு சிறு தொகை போட்டு, மருத்துவத்துக்கும் முதுமைக்கும் மட்டும் ஒரு பொது நிதி வைக்கலாம். உபதேச வேறுபாடுகள் இருக்கும். படுக்கையில் விழுந்த ஊழியக்காரனுக்கு மருந்து வாங்க அவை தடையாக இருக்கவேண்டியதில்லை.

மீண்டும்: அமராவதிக்கரை

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. சகோதரி எழுதியதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்; நாங்கள் திட்டமிட்டிருந்த கிறிஸ்துமஸ் துணி விநியோகத்தை அன்றே நிறுத்திவிட்டோம்.

நேற்று ஊருக்குப் போய் மூப்பர்களோடு உட்கார்ந்தேன். வெளியூர்க்காரர்கள் நால்வரும் 6,000, சபையார் வாரக் கவர் வழியாக மாதம் 2,000 என்று பேசி முடித்தோம். இதில் 1,000 ரூபாய் முதுமைக்கும் மருத்துவத்துக்கும் தனியாக நிற்கும். சிங்கப்பூர் நண்பர் இன்னமும் இந்தியக் குடிமகன்தான். தம் பெயரில் உள்ள இந்திய வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்புவார். மொபெட்டை மீட்டாயிற்று. பதிவு வேலைக்காக அடுத்த வாரம் நான் விடுப்பு எடுத்துப் போதகரோடு தாராபுரம் போகிறேன்.

கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து, தன்னிடம் பணம் இல்லை என்றும், வாரம் நான்கு நாட்டுக்கோழி முட்டை கொடுப்பதாகவும் சொன்னார். மூப்பர் உடனே நோட்டில் எழுதிக்கொண்டார். அதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று பொருளாளர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: பெருந்துறைப் பொருளாளர்

ஆராதனை முடிந்ததும் சபைக்குள்ளேயே ஏலம் விடுங்கள். அறுப்பின் பண்டிகையில் தேங்காயையும் சேவலையும் ஏலம் விடுவது போலத்தான். வந்த தொகையை அந்தப் பாட்டியின் பெயருக்கு நேராக எழுதி, பக்கத்திலேயே “முட்டை 4” என்றும் எழுதிவையுங்கள். ஆண்டுக் கணக்கு வாசிக்கும்போது அவர் பெயரையும் மற்றவர்கள் பெயரோடு சேர்த்தே வாசியுங்கள். ஆனால் யார் பெயரோடும் தொகையை வாசிக்கவேண்டாம்.